சாமி தூக்கும் கம்பு

ரோடு அடைபட்ட அந்தக் காலையில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. அன்று எங்களுக்குக் கிடைத்த உதவியைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அவர் நமுனுகுல மலைத் தோட்டமொன்றில் உபதேசியார். தகரக் கூரை போட்ட சின்னச் சபை. வருகிறவர்கள் எல்லாரும் லயத்துச் சனங்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரியில் டயலிசிஸ்.

கடந்த மார்கழியில் மழை விடவே இல்லை. லயத்துக்குக் கீழே மண் சரிந்து ரோட்டை மூடியது. ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த முறையும் தவறினால் ஆள் தாங்கமாட்டார் என்று எனக்கே தெரிந்தது. கால் வீங்கிவிட்டது, படுக்கவும் முடியவில்லை. நான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, மண் அள்ளுகிற பெக்கோ மெஷினை அனுப்பி ரோட்டைத் திறந்துவிடும்" என்று அழுதேன். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிற மனிதரை இப்படிக் கைவிடலாமா என்று சண்டையும் பிடித்தேன்.

மெஷின் வரவில்லை. மாரியம்மன் கோயில் தலைவர் முத்தையா அண்ணன்தான் குடையோடு வந்தார்.

"சரிவுக்கு அந்தப் பக்கம் ஓட்டோ நிக்குதும்மா. நம்ம பயலுக ஐயாவைத் தூக்கிட்டுப் போயிருவானுங்க."

"இந்தச் சேத்துல எப்படிண்ணே?"

"திருவிழாவுக்கு இந்தப் பள்ளத்துலதானே சாமிய எறக்குறானுங்க. சாமி ஐயாவ விடப் பாரம்."

பையன்கள் சப்பரம் தூக்கும் இரண்டு கம்புகளைக் கொண்டுவந்து, நடுவில் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டினார்கள். மூச்சு வாங்கும்போதும் என் வீட்டுக்காரருக்குச் சங்கடம்.

"சாமி கம்பாச்சே, முத்தையா."

"மாசி வரைக்கும் சாமிக்கு வேலை இல்லீங்க ஐயா. ஒக்காருங்க."

தேயிலைக்குள் இருந்த குறுக்குப் பாதையால் இறங்கினார்கள். நான் பின்னால் ஜெபித்துக்கொண்டே போனேன். பாதி வழியில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. கம்பு பாறையில் அடிபட்டு விரிசல் விட்டது. மற்றவர்கள் தோளை முன்னால் கொடுத்துவிட்டார்கள், நாற்காலி சாயவில்லை. அன்று பகலே டயலிசிஸ் நடந்தது. மறுநாள் அவர் கஞ்சி கேட்டார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆராதனை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரிசல் விட்ட கம்புக்குப் பதில் புதியது செய்ய அறுப்பின் பண்டிகைக் காணிக்கையிலிருந்து எடுக்கலாம் என்றேன். தச்சு வேலை செய்யும் சாலமன் அண்ணன் எழுந்தார்.

"காணிக்கைக் காசுல கோயில் கம்பா? ஆண்டவருக்கு என்னம்மா பதில் சொல்லுவோம்?"

"எம் புருஷன் உசுரோட இருக்காருன்னு சொல்லுவோம்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் பேசவில்லை. "சபை நம்பிக் கொடுத்த காசு. ஒருத்தர் மனசு ஒப்பலேன்னாலும் தொடவேண்டாம்" என்று முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. இப்போது யோசித்தால் அவர் செய்தது சரி. ஊழியம் செய்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: காணிக்கைப் பெட்டியைச் சண்டைக்கு நடுவில் திறக்காதீர்கள்.

அடுத்த வாரம் சாலமன் அண்ணன் சீவி இழைத்த புதுக் கம்பைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"காணிக்கை அப்படியே இருக்கட்டும். மரமும் வேலையும் என்னோட பங்கு."

கோயிலுக்கும் அவரே கொண்டுபோனார்.

அதன் பிறகுதான் கொடுப்பது என்றால் காசு மட்டும் இல்லை என்று எங்கள் சபைக்கு உறைத்தது. இப்போது சிலர் விறகு தருகிறார்கள், சிலர் மரக்கறி, சிலர் ஒரு நாள் வேலை. யார் என்ன தந்தார் என்று ஆராதனையில் பெயர் சொல்லி வாசிப்பதை நிறுத்திவிட்டோம். இல்லாதவர்களுக்கு அதனால் தலைகுனிவு இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் துண்டுப்பிரசுரத்தை நீட்டாமல், முதலில் "என்ன வேணும்?" என்று கேட்கிறோம். நோயாளியைத் தூக்குவதற்கென்று வார் பிடித்த ஒரு நாற்காலியும் சபையில் வைத்திருக்கிறோம். தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

நான் ரோட்டைத்தான் கேட்டேன். கர்த்தர் ஆட்களை அனுப்பினார். நீங்களும் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். பதிலாக யார் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிடுங்கள்.

மாசியில் சப்பரம் எங்கள் சபை வாசலைக் கடந்தது. என் வீட்டுக்காரர் தன் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாலமன் அண்ணன். மேளச் சத்தத்தில் சாலமன் அண்ணன்தான் பையன்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், கம்பு தாங்குதாடா?"

"தாங்குதுண்ணே."