அவருக்கு ஆகாதது

ஆஸ்பத்திரி லிஃப்டின் பொத்தானைப் பார்க்காமலேயே முழங்கையால் அழுத்துவாள். "ரெண்டாவது மாடிதானே? என்ன குழந்தை?" ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்ததும் லிஃப்ட் அக்காவுக்கு மாடி தெரிந்துவிடும். வாயெல்லாம் பல்லாக நின்றால் பிரசவ வார்டு. செருப்புக்குள் விரலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டு நின்றால் நான்காம் மாடி, சர்க்கரை நோய்ப் பிரிவு. வாயே திறக்காதவர்களிடம் அவளும் எதுவும் கேட்கமாட்டாள்.

நாளெல்லாம் ஏறி இறங்குகிற வேலைதான், ஆனால் ஒரு படிகூட மிதிப்பதில்லை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் அவள். கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும், சதையெல்லாம் வயிற்றில்தான். சீருடையின் கடைசி இரண்டு பொத்தான்கள் எப்போதோ தோற்றுப்போய், அந்த இடத்தில் ஊக்கு நிற்கிறது. "நான் வர்றதுக்கு முன்னாடி என் வயிறு டூட்டிக்கு வந்துடும்" என்பாள். அடுத்தவர் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிட வேண்டும் அவளுக்கு.

பிரசவ வார்டிலிருந்து இறங்குகிற புது அப்பாக்கள் இனிப்புப் பெட்டியை முதலில் நீட்டுவது அவளிடம்தான். நல்ல சேதியோடு நீட்டுகிற கையைத் தட்டிவிட முடியுமா? ஒன்றை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, மற்றதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைப்பாள். அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டாள். தெருமுனையிலேயே நின்று தின்று தீர்த்து, வாயைத் துடைத்துக்கொண்டுதான் வாசலை மிதிப்பாள். உள்ளே கட்டிலில் வீட்டுக்காரர் இருக்கிறார். உயரமான கட்டடங்களுக்கெல்லாம் சாரம் கட்டி ஏறிப் பெயின்ட் அடித்தவர். சர்க்கரை அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. இனிப்பு என்றால் மனிதருக்கு எறும்பின் மூக்கு.

அவர் தட்டிலும் அவளுக்குத்தான் காவல் வேலை. இரண்டு கரண்டி வைத்தால் ஒன்றரையில் நிறுத்திவிடுவாள். அக்கம்பக்கத்தார் ஆசையாகக் கொண்டுவருவதை அவர் கை எட்டுமுன் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அவர் வீம்புக்குப் பாதியில் ஒதுக்குகிற தட்டையும் இழுத்து வழித்துவிடுவாள். "கொட்ட மனசு வரலையே, என்ன பண்றது?"

போன வாரம் நான்காம் மாடி டாக்டரம்மா லிஃப்டில் ஏறினாள். மகள் வயதுதான் இருக்கும். ஊழியர்களுக்கெல்லாம் ரத்தம் பார்த்திருந்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு இன்னும் வரலை. ஆனா வர்ற வழியிலதான் இருக்கு."

"எனக்கெதுக்குங்க வருது? எங்க வீட்டுக்குத்தான் ஏற்கெனவே வந்துட்டுப் போச்சே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வயித்துக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டைன்னு நினைக்காதீங்க. அதுவும் ஒரு சுரப்பி மாதிரிதான். ரத்தத்துல ஹார்மோனை விட்டுக்கிட்டே இருக்கும். இன்சுலினுக்கு ஒத்தாசை பண்ற ஹார்மோன் ஒண்ணும் அதுல இருந்துதான் வருது. ஆனா கொழுப்பு கூடக் கூட அது குறைஞ்சுபோகும். கெடுக்கிறதுங்க கூடிடும்."

"ஆள் கூடக் கூட வேலை நடக்காது. எங்க மாமியார் வீடு மாதிரின்னு சொல்லுங்க."

"கிட்டத்தட்ட. போதும்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோனும் அங்க இருந்துதான் வருது. அது ஓயாம கத்தினா மூளை கண்டுக்காம விட்டுடும். வயித்தைக் குறைச்சா இப்பவும் தடுக்கலாம். அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?"

"நானா? பெருசா ஒண்ணுமில்லீங்க. அவருக்கு ஆகாதது எல்லாம்..."

சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினாள். நான்காம் மாடி வந்து கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்தது. டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள். இத்தனை வருஷமும் அவரிடமிருந்து விரட்டிய சனியனை மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பயம் தன் காலைப் பற்றியல்ல. காலையில் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, தழும்பில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் அவள்தான். ஒரே மகள் கடல் தாண்டி இருக்கிறாள். அக்காவும் படுத்துவிட்டால் அந்த வீட்டில் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் கிடையாது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கும் வரப் பாக்குதாம். உங்க மிச்சத்தைத் தின்னே வரவழைச்சுக்கிட்டேன்."

அவர் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் கையை உதறினார், வழக்கம்போல. பழக்கதோஷம், அவள் கை தட்டை நோக்கிப் போனது. அவர் தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விடு."

"கொட்டுறதுக்கா? பாவம்ங்க."

"பாவம் என் தலையில விடியட்டும். நீ உக்காரு."

தண்ணீர் செம்பு எட்டாவிட்டால்கூட அவளைக் கூப்பிடுகிற மனிதர், ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்து, தட்டை மறு கையில் ஏந்தி, ஒற்றைக் காலில் எழுந்தார். குப்பைக்கூடை நாலு எட்டுதான். இரண்டு இடத்தில் தள்ளாடினார். தட்டு சாய்ந்தது, நிமிர்ந்தது.

ஓடிப்போய் அவரையும் தட்டையும் ஒருசேரப் பிடிக்கத் துடித்த தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, லிஃப்ட் அக்கா உட்கார்ந்தே இருந்தாள்.