அடைத்து வைத்த பார்க்கிங் குழு

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கேயாவது போகத் தோன்றும். பிழைப்பும் அப்படியே அமைந்தது. மலையாளம் புழங்கும் கழக்கூட்டத்தில், நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு மாடியறையில் வாக்கி-டாக்கி பழுதுபார்க்கும் டெக்னீஷியன் நான். பக்கத்து ஐ.டி. வளாகம் ஒன்றின் ரேடியோக்கள் எல்லாம் எங்கள் பராமரிப்பு. அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கேட்டுக்கொண்டிருக்க என் மேஜையில் ஒரு ஸ்கேனர். அதற்குக் காது உண்டு, வாய் கிடையாது. எனக்கு இரண்டும் உண்டு, அதிலும் வாய் கொஞ்சம் கூடுதல்.

அந்த வளாகத்தில் இருப்பது டிரங்கிங் ரேடியோ. எலெக்ட்ரிக்கல், செக்யூரிட்டி, பார்க்கிங் என்று ஏழெட்டுக் குழுக்கள், சேனல்களோ நாலைந்துதான். ஒருவர் பொத்தானை அமுக்கியதும் எந்தச் சேனல் காலியோ அதில் பேச்சு போகும். பதில் வேறொன்றில் வரும். கல்யாணப் பந்தியில் காலி இலை பார்த்து ஆளை உட்கார வைக்கிற மாமா மாதிரி, கன்ட்ரோல் சேனல் என்று ஒன்று இருந்து எல்லாருக்கும் இடம் சொல்லும். அந்தச் சேனலையும் குழு எண்களையும் சரியாகப் போட்டுக்கொடுத்தால் ஸ்கேனர் பின்னாலேயே ஓடிப் பேச்சைப் பிடித்துவிடும். ஒரு எண் பிசகினால் அந்தக் குழு ஊமை.

என் வீட்டுக்காரர் அதே வளாகத்தில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மழைக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். காலையில் ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரை நான் ஓட்ட, அவர் பின்னால். அதுவே அவருக்குப் பெரிய மானக்கேடு. அவரை கேட்டில் இறக்கிவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி என் மேஜைக்கு வருவேன். வந்ததும் எலெக்ட்ரிக்கல் குழுவை முதலிடத்தில் வைத்துவிட்டு அவர் குரலுக்குக் காத்திருப்பேன். வேலைக்காகக் கேட்கிறேன் என்று முதலாளி நினைத்தார். நான் கேட்டது ஒரு மனிதரின் மூச்சை.

ஒரு நாள் லிஃப்ட் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் ஏதோ பேனல் கோளாறு. "ஞான் ஸ்டெப் வழி வராம்" என்று அவர் குரல். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கியது. உடனே போன் அடித்தேன்.

"ஏன்னா, ஆறு மாடியும் படி ஏறறேளா? புத்தி இருக்கா உங்களுக்கு?"

"அங்கே இருந்துண்டு என் மூச்சை எண்ணறியா நீ? இனி நான் நிம்மதியா ஒரு வார்த்தை பறயக் கூடாதாக்கும்!" என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

கேட்கிற காதுக்குத் தொல்லை பார்க்கிங் குழுதான். வண்டி வந்தது, வண்டி போனது, இங்கே ஃபுல், அங்கே விடு என்று காலை முதல் ஓயாத அரட்டை. எலெக்ட்ரிக்கலுக்கு முதலிடம் கொடுத்திருந்தும், அவர்கள் பேசும்போது ஸ்கேனர் அங்கே போய் நிற்க, இவர் பேசுவது தவறிப்போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பார்க்கிங் குழுவை லாக்-அவுட்டில் போட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கம் ஸ்கேனர் திரும்பியே பார்க்காது. சாப்பிடும்போது அவரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். "அதுகள் வாயை அடைச்சுட்டேன். இதெல்லாம் ஒரு உத்தியோகமா? வேற ஒண்ணுக்கும் கொள்ளாதவாளைப் பிடிச்சு உட்கார்த்தி வெச்சிருக்கா" என்று மூக்கால் பேசி நடித்தும் காட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை கூடக் காட்டினேன். வழக்கமாகச் சிரிக்கிறவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

திங்களும் செவ்வாயும் வித்துரா பக்கம் ஒரு எஸ்டேட்டில் எனக்கு வேலை. புதன்கிழமை அவரை கேட்டில் விட்டுவிட்டு மேஜைக்கு வந்தேன். பத்து மணி வரை அவர் குரல் இல்லை. எலெக்ட்ரிக்கல் பையன்களில் ஒருவன் "சார் எவிடே?" என்று கேட்க, இன்னொருவன் "சார் இப்போ இவிடே இல்லல்லோ" என்றான்.

இல்லையா? என் கையால் இறக்கிவிட்ட மனிதர் எங்கே போவார்? போன் அடித்தேன். தொடர்பு கிடைக்கவில்லை என்றது. மறுபடி, மறுபடி. ஏதோ ஒரு படிக்கட்டில் யாரும் பார்க்காமல் விழுந்து கிடக்கிறார் என்று மனசு முடிவே கட்டிவிட்டது. உட்கார முடியவில்லை. சன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். செக்யூரிட்டி குழுவைக் கேட்டேன், முதலுதவிக் குழுவைக் கேட்டேன். எல்லாம் சாதாரணப் பேச்சு. ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிடச் சொல்வது பார்க்கிங் ஆட்கள்தானே என்று அப்போதுதான் உறைத்தது. லாக்-அவுட்டை எடுத்துவிட்டேன்.

"பீ டூ ஃபுல் ஆணு. அடுத்த வண்டி பீ த்ரீயிலேக்கு விடு."

அவர் குரல். மூச்சு வாங்காத, நிதானமான குரல். "வெள்ள காரின்றெ ஆளோடு இத்திரி பின்னோட்டு எடுக்கான் பற." வெள்ளைக் கார்க்காரரைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொல்லச் சொல்கிறார்.

ஸ்கேனரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பார்க்கிங் இருக்கும் அடித்தளத்தில் மொபைல் எடுக்காது. அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டில் நாற்காலி போட்டு இவர் உட்கார்ந்திருக்கிறார். பிறகு விசாரித்ததில், அவராகவே போய், உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாராம். என் பயத்துக்காக இருபது வருஷ உத்தியோகத்தை விட்டு இறங்கி வந்திருக்கிறார். அந்த வளாகத்தில் என் காது எட்டாத ஒரே இடம் அதுதான் என்பதும் அவருக்குத் தெரியும். நான்தானே சொன்னேன். ஆறுதலும் வெட்கமும் சேர்ந்து வந்தன. வெட்கம்தான் அதிகம்.

சாயங்காலம் வழக்கம்போல கேட்டில் ஏறிக்கொண்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஓட்டினேன். உள்ளூர் என்கிற ஜங்ஷன் சிக்னலில் வண்டி நின்றது.

"இன்னிக்கு பார்க்கிங்கைக் கேட்டேன்னா" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நான் பேசறது நன்னா இருந்துதா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கூசிக் கூசி எதையும் கேட்டதில்லை. "ரொம்ப நன்னா இருந்துது" என்று சொல்ல நினைத்தேன். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அவர் இன்னும் என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.