அந்த ஒன்பதாம் வகுப்பு

தலைமை ஆசிரியையின் அறையில் எனக்கும் என் மகளுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்திருக்கிறேன். அந்த அறையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மகள் நீட் தேர்வில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். பொதுப்பட்டியலில் சீட் கிடைக்க அது போதாது. ஆனால் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் 7.5 சதவீதத்தில் கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று எல்லா டீச்சர்மாரும் சொன்னார்கள். ஒருவர் மிட்டாய் வாங்கி வந்திருந்தார். இன்னொருவர் அவளை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்தார். வாசலில் பேனர் வைக்க வேண்டும் என்று பேச்சு நடந்தது.

அந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்று தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அவர் கம்ப்யூட்டரில் மகளின் எமிஸ் எண்ணைத் தட்டினார். ஒவ்வொரு வருடமும் எங்கே படித்தாள் என்று திரையில் வரிசையாக வந்தது. சிரித்த முகத்தோடு ஆறு, ஏழு, எட்டு என்று விரலை வைத்துக்கொண்டே வந்தவர் அடுத்த வரியில் நின்றார்.

"ஒன்பதாம் வகுப்பு எங்கம்மா படிச்சா?"

மகள்தான் பதில் சொன்னாள். அந்தத் தனியார் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு வருடம்தான் மிஸ் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு வருடம் என்றாலும் வெளியே படித்திருந்தால் இந்த ஒதுக்கீடு கிடையாது, என்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். அவர் குரல் உடைந்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு வருடமாக சனிக்கிழமை தோறும் அவளைச் சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தார்களே, நம் பள்ளியின் டாக்டர் என்று ஆட்கள் வரும்போதெல்லாம் காட்டினார்களே, அப்போது ஒருவருக்காவது அந்தத் திரையைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா? இதை நான் அங்கே கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன். என் வழக்கம் அது.

அந்த ஒரு வருடம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு அச்சன்புதூரில். என் கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். வெளிநாட்டுப் பிழைப்பை எங்கள் பக்கம் சபர் என்போம். ஆம்பிளை சபரிலிருந்து வந்திருக்கும் அந்த நாட்களில்தான் வீட்டின் எல்லாப் பெரிய காரியமும் நடக்கும். தரைக்கு டைல்ஸ் பதிப்பது, கொழுந்தன் கல்யாணம், பிள்ளைகளுக்குக் காது குத்துவது என்று எல்லாவற்றையும் அந்தக் கொஞ்ச நாளுக்குள் அமுக்கி அடைப்போம். யோசிக்க நேரம் கிடையாது. யோசித்தால் லீவு முடிந்துவிடும்.

மகள் எட்டாவது முடித்த வருடம் அவர் வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள், அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன், மகள் மாமி என்பாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு முடிவும் எடுத்ததில்லை.

"சவுதியில இருக்கவன் மவ, காலங்காத்தால டவுன் பஸ்ஸுல தொங்கிட்டு கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்குப் போறா. நீ அங்கன கக்கூஸு கழுவுதியான்னு கேக்குதாவ."

யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். மைனியே யோசித்துச் சொன்னது அது. ஆனால் என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தெருவில் மற்ற சபர்க்காரர்களின் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும். பெட்டி நிறையச் சாமான் கொண்டு வந்தவன் வீட்டு வாசலில் மட்டும் வேன் நிற்கவில்லை என்றால் அது குறைதானே. அந்தப் பள்ளிக்கூடத்தில் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று மைனிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வேன் தெரியும்.

மறுநாள் அவரும் நானும் மகளும் டி.சி. வாங்கத் தென்காசியில் இருக்கும் அரசுப் பள்ளிக்குப் போனோம். எட்டாம் வகுப்பு டீச்சர்தான் ஆபீஸ் அறையில் இருந்தார். கொஞ்சம் வயதானவர். மகளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். எதுக்கும்மா மாத்துறீங்க என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் கணவர் வேன் வசதி இருக்கிறது என்றார். டீச்சர் திரும்பவும் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். பத்தாவதோடு நின்றவள் நான். டீச்சர்மார் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. அவர் காகிதத்தை எடுத்து எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பாடமே நடத்தவில்லை. ஜூலையிலேயே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டார்கள். பத்தாவது ரிசல்ட்டுக்காக அப்படி. என் மகள் கேள்வி கேட்கிற பிள்ளை. இலை மூச்சுவிடுகிற ஓட்டை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டதற்கு அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். வருட முடிவில், இனி அங்கே போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அவர் அப்போது சவுதியில் இருந்தார். போனில் என்னவோ செய்துகொள்ளுங்கள் என்றார். திரும்ப அரசுப் பள்ளியிலேயே சேர்த்தேன். அதே டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டி, வந்துட்டியா என்று கேட்டார். அன்றைக்கும் வேறொன்றும் சொல்லவில்லை.

இப்படித்தான் அந்த ஒரு வரி அந்தத் திரையில் ஏறியது. ஒன்றும் படிக்காத ஒரு வருடம். அதுதான் என் மகள் அரசுப் பள்ளியில் படித்த ஆறு வருடத்தையும் இல்லை என்று ஆக்கியது. இந்த விதியைப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த ஒரு வருடத்தில் நாங்கள் பணக்காரர்களாக மாறிவிட்டோமா? அவளுக்கு அங்கே நீட் கோச்சிங் கொடுத்தார்களா? வேனில் போனாள், வந்தாள். அவ்வளவுதான்.

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம்தான் விண்ணப்பம் போடப் போனோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். அந்த ஒரு வருடத்தையும் அரசுப் பள்ளி என்று போட்டு ஒரு சான்றிதழ் தயார் பண்ணித் தர ஆள் இருக்கிறது, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார். எனக்கு ஒரு நிமிடம் மனது போனது, மறைக்கவில்லை. மகள் அவர் கையிலிருந்த எங்கள் பேப்பர்களை வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பைக்குள் வைத்தாள். பொதுப்பட்டியலுக்கு மட்டும் போடுங்க அண்ணாச்சி என்றாள்.

அடுத்த வாரம் சாரல் நன்றாக விழுந்தது. மைனியின் மகள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். எல்லோரும் ஒரு வேன் பிடித்துக் குற்றாலம் போவோம், மனசு லேசாகும் என்று மைனி எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் போக விருப்பமில்லை. வரவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். பெண் போலீஸ் விசில் ஊதி ஊதி வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். நானும் மகளும் தலை நனைந்து, துணியெல்லாம் உடம்போடு ஒட்டி, கம்பியைப் பிடித்தபடி வெளியே வந்தோம். எதிரே உள்ளே போகிற வரிசையில் அந்த எட்டாம் வகுப்பு டீச்சர் நின்றார். போன வருடம் ஆலங்குளம் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். மகளைப் பார்த்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கம்பிக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார்.

"மார்க்கக் கேள்விப்பட்டேன்டி. கவுன்சிலிங் எப்போ? நமக்குத்தான் 7.5 இருக்கே, கிடைச்சிரும்லா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான், கிடைக்காது டீச்சர் என்றேன். தண்ணீர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினார். அருவிப் பக்கத்தில் சத்தம் போட்டால்தான் பேசமுடியும். என் வயதுக்கு நான் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. முதலில் கேட்கவேண்டுமே என்றுதான் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

"கிடைக்காது. எட்டு முடிச்சதும் டி.சி. குடுத்தீங்கல்லா, அதனால கிடைக்காது. அந்த ரூல் அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பக்கத்தில் குளித்துவிட்டு வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களில் மைனியும் இருந்தார். டீச்சர் மகளின் கையை விட்டார். தெரியும் என்று தலையை ஆட்டினார்.

"பெறவு ஏன் சொல்லலை?"

அவர் பொய் சொல்லவில்லை. இதற்காக அவரை மதிக்கவேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"நான் எதுக்குன்னு உங்களக் கேட்டேன்லாம்மா. நீங்க சிரிச்சீங்க. உங்க தெருப் பிள்ளைகள் எத்தனை பேரப் பாத்திருக்கேன். நல்லாப் படிக்கும், பன்னெண்டு முடிஞ்சதும் கட்டிக் குடுத்துருவீங்க. இவளையும் அப்படித்தான்னு நினைச்சிட்டேன்."

"நீங்க ஒண்ணும் நினைச்சிருக்க வேண்டாம் டீச்சர். சொல்லிருந்தாப் போதும்."

அவர் வாயைத் திறந்தார். பெண் போலீஸ் விசில் ஊதினார். பின்னால் நின்றவர்கள் டீச்சரை உள்ளே தள்ளினார்கள். அவர் தண்ணீருக்குள் போகிறவரை எங்களையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும் வேனில் மைனி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இலஞ்சி தாண்டியதும் ஆரம்பித்தார். ஊர் உலகமெல்லாம் வந்து போகிற இடத்தில் ஒரு டீச்சரிடம் இப்படியா கத்துவது என்றார். டீச்சர் சொன்னதில் என்ன தப்பு, காலாகாலத்தில் கட்டிக் கொடுக்கிறது பாவமா என்றார். பின்பு மகள் காதில் விழுகிற மாதிரியே, துபாயில் இருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சீட்டுத்தான் இல்லை என்று ஆகிவிட்டதே, தம்பியிடம் நான் பேசுகிறேன் என்றார்.

எனக்கு அப்போது டீச்சர் மேல் இருந்ததைவிட அதிகக் கோபம் வந்தது. டீச்சர் எங்களைப் பற்றி மனதில் நினைத்தார். இவர் அதைச் செய்துமுடிக்கப் பார்க்கிறார்.

"அவ திரும்ப எழுதப் போறா மைனி. மாப்பிள்ளைப் பேச்சு என் வீட்டுல வேண்டாம். உங்க தம்பிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

"ஏ யப்பா. தண்ணி தலையில விழுந்ததும் வாயி வந்துட்டு போலுக்கு" என்றார் மைனி. அவர் மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தோம். மகள் பிழிந்து தர, நான் விரித்துப் போட்டேன். அவள் என்னைப் பாராட்டுவாள் என்று மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது. அவள் அடுத்த துணியை எடுத்தாள். டீச்சர் மேல் உனக்குக் கோபம் இல்லையா என்று நானே கேட்டேன். இருக்கிறது என்றாள். மாமி மேலும் இருக்கிறது, வாப்பா மேலும் இருக்கிறது என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சம் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

"என் மேல?"

அவள் கையிலிருந்த துணியை இன்னொரு தடவை பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"அன்னைக்கு டீச்சர் உங்களத்தான் ரெண்டு தடவ பாத்தாங்க ம்மா. எனக்கும் போக இஷ்டமில்லை. நீங்க வாயத் திறப்பீங்கன்னு நானும் உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன். மாறிப் போனா என்ன ஆகும் டீச்சர்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவங்க சொல்லிருப்பாங்க."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். நான் பயந்த சுபாவம், என்னை அப்படித்தான் வளர்த்தார்கள் என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன். நான் அப்படி வளர்ந்ததற்கு அவள் ஏன் தன் சீட்டை விலையாகக் கொடுக்கவேண்டும்?

பொதுப்பட்டியல் வந்தது. அவள் பெயர் ரொம்பக் கீழே இருந்தது. அன்று சாயங்காலமே அவள் பழைய புத்தகங்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். நான் அருகில் போய் உட்கார்ந்து, அடுத்த வருடம் பொதுவில் சீட் கிடைக்க இன்னும் எத்தனை மார்க் எடுக்கவேண்டும் என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டதில் அவளுக்கு ஆச்சரியம். சொன்னாள். பெரிய எண்ணாக இருந்தது. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன்.