வில்ஹெல்மினா ஒண்ணு, வில்ஹெல்மினா ரெண்டு

எங்கள் கேப்டன் மனைவி லிவ் பொறாமைப்படாத பொருள் என்று எங்கள் துறைமுக ஊரான கெட்சிகன் கரையில் ஒன்றும் கிடையாது. சால்மன் மீனை டின்னில் அடைக்கும் ஆலையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் அவள். தோர்கில் ஹாகன்ஸ்டாட்டைக் கட்டிக்கொண்ட பிறகு கத்தியைக் கீழே வைத்தாளே தவிர, அறுக்கிற அந்தப் பார்வையை வைக்கவில்லை. படகுச் சமையல்காரன் போட்ட காபியை அவர் ஒருநாள் புகழ்ந்துவிட்டார். வீட்டில் வாரம் முழுக்கக் காபி கிடையாது. முடிவெட்டுகிறவன் அவர் தலையை ரொம்ப நேரம் தடவினான் என்று அவனோடும் ஒரு சண்டை. அந்தப் படகில் சுக்கான் பிடித்தவன் நான், ஐவர் என்று பேர். எனக்காக இப்படி வயிறு எரிய ஒருத்தி இல்லையே என்று கேப்டன்மேல் எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

அப்படிப்பட்டவள் காதில் போய் யாரோ போட்டுவிட்டார்கள், பனிமூட்டம் வந்தால் உன் புருஷன் இன்னொருத்தி பேரை ஜெபிக்கிறார் என்று.

பொய்யும் இல்லை. தீவுகளுக்கு நடுவே ஓடுகிற நீராவிப் படகுக்கு மூட்டத்தில் கண் கிடையாது, காதுதான். ஊதலை ஊதினால் சத்தம் பாறையில் முட்டித் திரும்பி வரும். சத்தம் விநாடிக்கு ஆயிரத்து நூறு அடி ஓடும்; போகவும் வரவும் சேர்த்து என்பதால் பாதியாக்கி, விநாடிக்கு ஐந்நூற்றைம்பது அடி என்று கணக்கு. எதிரொலி வர நாலு விநாடி ஆனால் பாறை இரண்டாயிரத்து இருநூறு அடி தள்ளி நிற்கிறது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே வருவதை யார் பார்ப்பது? அதனால் ஒவ்வொரு கேப்டனும் ஒரு சொல்லை வாய்க்குள் போட்டு எண்ணுவார். எண்ணோடு சேர்த்துச் சொல்லிமுடிக்கச் சரியாக ஒரு விநாடி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கேப்டனுடைய சொல் வில்ஹெல்மினா.

வில்ஹெல்மினா ஓட்டர் குடாக் கடைக்காரர் மனைவி. இளவட்ட வயதில் தோர்கில் அவள் பின்னால் அலைந்ததும், அவள் கடைக்காரருக்குக் கழுத்தை நீட்டியதும் ஊரறிந்த கதை. தன் பேரை வைத்துத்தான் அவர் எண்ணுகிறார் என்பது அவளுக்கும் தெரியும். மூட்டத்தில் எங்கள் ஊதல் கேட்டால் போதும், ஒரு மிதப்போடு சால்வையைப் போர்த்திக்கொண்டு படகுத்துறைக்கு வந்துவிடுவாள். கையில் ஒரு கூடை முட்டை இருக்கும், கேப்டனுக்கென்று பொறுக்கியெடுத்தது.

லிவ் நேரே படகுக்கே வந்துவிட்டாள்.

"தோர்கில், மூட்டத்துல நீ யாரை எண்றே?"

"பாறைக்கு எவ்ளோ தூரம்னு எண்றேன்."

"பாறைக்குப் பேரு வில்ஹெல்மினாவா?"

"அது பேரில்ல லிவ், அளவு. அடின்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி."

"அந்த அளவு அவ கோழிக்கூட்டுலயே கெடக்கட்டும். இனிமே என் பேரைச் சொல்லி எண்ணு. இல்லேன்னா உன் படுக்கையை இங்கயே போட்டுக்க."

கேப்டன் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை அவர். அதை நம்பாமல் லிவ் அடுத்த பயணத்தில் எங்களோடு ஏறி, சுக்கான் அறை மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

குறுகலான நீர்ப்பாதையில் மூட்டம் கவிந்தது. எதிரே செங்குத்துப் பாறை. எதிரொலி மூன்றாவது எண்ணில் வரும்போது இடப்பக்கம் திருப்ப வேண்டும். கேப்டன் ஊதினார்.

"லிவ் ஒண்ணு, லிவ் ரெண்டு, லிவ் மூணு..." ஆறு சொன்னபோது எதிரொலி வந்தது. "ஆறு. தூரம் கெடக்கு. அப்படியே போ, ஐவர்."

லிவ் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் பேர் ஆறு தரம் ஒலித்ததில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ ஈர மர வாசனை மூக்கில் ஏறியது; கரை கிட்டத்தில் இருந்தால்தான் அது வரும்.

"கேப்டன், எண்றது கொஞ்சம் வெரசா இருக்கோ?"

"நீ சுக்கானைப் பாரு."

மறுபடி ஊதினார். ஐந்தில் எதிரொலி. அது என் நெஞ்சில் இடித்தது. "இன்னும் ரெண்டு இருக்கு" என்றார் கேப்டன்.

லிவ் எழுந்து நின்றுவிட்டாள். தூக்கத்திலும் எண்ணுகிற மனுஷன் அவர். வில்ஹெல்மினா ஒண்ணு, வில்ஹெல்மினா ரெண்டு என்று அவர் முனகுவதை அவள் எத்தனை இரவு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள்! அந்த நிதானம் அவளுக்கு மனப்பாடம். லிவ் என்ற பேரோ வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. விநாடி அதற்குள் பாதிகூடப் போகவில்லை.

"தோர்கில், அவ பேரைச் சொல்லி எண்ணு!"

"உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன் லிவ்."

"உன் வாக்குல இடி விழ!" பாய்ந்து ஊதல் கயிற்றை அவளே இழுத்தாள். "வில்ஹெல்மினா ஒண்ணு, வில்ஹெல்மி..."

இரண்டு வரவில்லை. எதிரொலி முகத்தில் அறைந்தது.

கேப்டன் இஞ்சின் அறை மணியை அடித்தார். முழு வேகத்தில் பின்னோக்கு. படகு மூச்சுமுட்டி நடுங்கியது. மூட்டத்துக்குள்ளிருந்து பாசி பிடித்த கறுப்புப் பாறை எழும்பி வந்து, தலைக்கு மேலே நின்றது. ஒரு மரக்கிளை முன்தளத்தில் தண்ணீரைச் சொட்டியது. அங்கே நின்றோம்.

லிவ்தான் முதலில் வாயைத் திறந்தாள். "முழுகியிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ எரிஞ்சிருக்காது. என் வாயாலயே அவ பேரைச் சொல்ல வெச்சிட்டியே!"

பிறகு கேப்டனுடைய கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். வழி முழுக்க முணுமுணுப்புதான். தன் பேரை இழுத்துப் பார்த்தாள். "லிவ் லிவ் ஒண்ணு" என்று இரட்டித்துப் பார்த்தாள். "நாய் குரைக்கிற மாதிரி இருக்கு" என்றார் கேப்டன். விலாவில் ஓர் இடி வாங்கிக்கொண்டார். ஓட்டர் குடா நெருங்கும்போது அவள் குரல் நிதானமாயிற்று.

"லிவ் ஹாகன்ஸ்டாட் ஒண்ணு, லிவ் ஹாகன்ஸ்டாட் ரெண்டு." விநாடி முள் பிசகவில்லை. "என் பேரு தனியாப் பத்தல, தோர்கில். உன் பேரையும் சேத்துச் சொல்லு. நெறைஞ்சிடுது பாரு."

கேப்டனுக்குக் காது சிவந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

துறையில் வில்ஹெல்மினா முட்டைக்கூடையோடு நின்றாள். படகைக் கட்டுவதற்குள் லிவ் இறங்கிவிட்டாள்.

"இனிமே மூட்டத்துல உன் பேருக்கு வேலையில்ல, வில்ஹெல்மினா. அவரு இப்ப என் பேரைத்தான் எண்றாரு."

"எண்ணட்டுமே. எனக்கென்ன வந்துச்சு?" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் வேறு கூடை இருந்தது; அதை லிவ் கையில் திணித்தாள்.

மறுநாள் காலையில் சமையல்காரன் அந்த முட்டைகளை அவித்து வைத்தான். ஓட்டை உரித்ததும் வாடை தூக்கியது. கேப்டன் தட்டைத் தள்ளினார், நானும் தள்ளினேன். லிவ் மட்டும் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, உப்புத் தூவி, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தாள்.

"அவளுக்கு நல்லாவே எரிஞ்சிருக்கு. இன்னொண்ணு வை" என்றாள்.