காந்தா கம்பி கட்டிய வருஷம்

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலையூரில், காட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் கொல்லை காந்தாவுக்கு. புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து புருஷன் விழுந்து செத்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வருஷம் சாமைக் காவலுக்கு அவள் போகவில்லை. அவள் முறையையும் சேர்த்துப் பார்த்தவள் பக்கத்துக் கொல்லை சுந்தரம்மாள்.

அந்த மேட்டில் பத்து வீட்டுக்காரர்களுக்கு நிலம். சாமை கதிர் வாங்கியதும் காட்டுப்பன்றி இறங்கும். வீட்டுக்கு ஒரு ஆள் முறைவைத்துப் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுவார்கள். பத்துக் கொல்லைக்கும் ஒரே காவல்தான்.

அதை முதலில் விட்டவன் ஜீவானந்தம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், தன் நிலத்தைச் சுற்றிச் சோலார் வேலி போட்டான். தொட்டால் சுரீரென்று அடிக்கும், சாகடிக்காது. மூக்கில் சூடுபட்ட பன்றி பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும்.

காந்தாதான் போய்க் கேட்டாள். "இன்னா தம்பி, காவலுக்கு வர்லியா?"

"எனுக்கு எதுக்குக்கா காவலு? என் கொல்லைக்குத்தான் பன்னி வர்றதில்லியே."

"எங்க கொல்லைக்கு வருதே."

"அதுக்கு நான் இன்னா பண்றது? உங்க பயிர நானா மேஞ்சேன்? அவங்கவங்க நெலத்த அவங்கவங்க பாத்துக்கினா யாருக்குமே தொல்ல இல்ல."

அவன் சொன்னதில் எது தப்பு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மற்றவர்களுக்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது. அடுத்த இரண்டு வருஷத்தில் ஒவ்வொருவராக வேலி போட்டார்கள். வேலி போட்டவன் காவலுக்கு வரவில்லை. கடைசியில் பரணில் இரண்டு பெண்கள்தான் மிஞ்சினார்கள், காந்தாவும் சுந்தரம்மாளும். எட்டுக் கொல்லையில் நுழைய முடியாத கூட்டமெல்லாம் இந்த இரண்டில் இறங்கியது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டினதுபோல மண் புரண்டு கிடந்தது. சுந்தரம்மாள் சேற்றில் குந்தி, மிதிபட்ட கதிர்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காந்தாவுக்கு அழுகை வரவில்லை. ஜீவானந்தத்தின் கொல்லையில் தலைசாய்ந்து நின்ற சாமையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கறவைமாட்டை விற்றாள். போளூரில் போய்க் கம்பியும், அதில் கரண்டு விடுகிற பெட்டியும் வாங்கி வந்தாள்.

சுந்தரம்மாள் ஓடி வந்தாள். "காந்தா, ரெண்டு கொல்லையும் சேத்து ஒரே சுத்தா கட்டிக்கலாண்டி. பொட்டி ஒண்ணு போதும்னு சொல்றாங்க. மேக்கொண்டு கம்பிக்கு என் ஆட்ட வித்துடறேன்."

முடியாத காரியமில்லை. ஆனால் காந்தா யோசித்து வைத்திருந்தாள். "உன் பக்கம் புல்லு வளந்து கம்பியத் தொட்டா என் பக்கமும் கரண்டு செத்துடும்க்கா. உனுக்கு வயசாவுது. தெனம் புல்லறுக்க உன்னால ஆவுமா?"

"அறுக்கறண்டி. செத்தாலும் அறுக்கறேன்."

"வேணாங்க்கா. எனுக்குப் பயமா கீது."

புருஷன் செத்த வருஷம் தனக்காகப் பார்த்த காவலைச் சுந்தரம்மாள் எடுத்துச் சொல்வாள் என்று காந்தா காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை, போய்விட்டாள். காந்தா தன் நிலத்தை மட்டும் சுற்றிக் கம்பி கட்டினாள்.

அந்த வருஷம் பன்றிக்குத் திறந்து கிடந்தது ஒரே கொல்லை. சுந்தரம்மாள் தனியாகத் தகரம் தட்டினாள். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், விடிந்தும் விடியாத நேரம், காந்தா தன் கொல்லைக்குள் இருந்தாள். குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி சுந்தரம்மாளைத் துரத்திக்கொண்டு வந்தது. அவள் நேராகக் காந்தாவின் வேலிக்கு ஓடிவந்தாள்.

"காந்தா! ஆஃப் பண்ணுடி! ஆஃப் பண்ணு!"

பெட்டி காந்தாவுக்குப் பத்தடியில் இருந்தது. சுந்தரம்மாளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பன்றிகள் நிற்பது காந்தாவின் கண்ணில் பட்டது. நிறுத்தினால் அத்தனையும் உள்ளே வந்துவிடும். அறுப்புக்கு இன்னும் நாலு நாள். காந்தா கத்தினாள், கல்லெடுத்து வீசினாள். பெட்டிப் பக்கம் போகவில்லை. சுந்தரம்மாள் கம்பியைப் பிடித்தாள், அடி வாங்கி மல்லாந்து விழுந்தாள். பன்றி அவள் தொடையைக் கிழித்துவிட்டுப் போயிற்று.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிர் தங்கியது, கால் தங்கவில்லை. ஊரில் ஒருவரும் காந்தாவைக் குறை சொல்லவில்லை. "நீ இன்னாக்கா பண்ணுவே, உன் பயிரு," என்றான் ஜீவானந்தம். அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்திருந்தது.

தை மாதத்தில் ஒரு மூட்டை சாமையோடு காந்தா சந்தவாசலில் சுந்தரம்மாளின் மகள் வீட்டுக்குப் போனாள். மாட்டுக்கொட்டகையில் சுந்தரம்மாள் படுத்திருந்தாள். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"கல்லு இல்லாம பொடச்சிருக்கே," என்றாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கு பொட்டி எங்கடி இருந்துச்சி? தூரமா?"

"தூரம்க்கா. அந்தக் கோடியில."

"அதான் பாத்தேன்," என்றாள் சுந்தரம்மாள், தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வதுபோல. "கிட்ட இருந்திருந்தா நீ சும்மா இருப்பியா?"

மகள் காபி கொண்டுவந்தாள். காந்தா அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.