படத்துக்கு இடைஞ்சலான தண்ணீர்த் தாங்கி

சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு, கொழும்பிலிருந்து எங்கள் கந்தோருக்கு ஆட்கள் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். வந்த வேலை காலையிலேயே முடிந்துவிடும். மிச்சப் பொழுது முழுக்கக் கடற்கரை பார்ப்பதுதான். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் மன்னாரில் பிறந்தவள் என்பதால் இடம் காட்டச் சொல்லி என்னையும் வான் வண்டியில் ஏற்றினார்கள்.

முதலில் அரிப்பு என்ற ஊருக்குப் போனோம். அங்கே கடல் செம்மண் கரையை அரித்து அரித்து, வெள்ளைக்கார ஆளுநர் கட்டிய மாளிகையில் பாதியைக் கீழே தள்ளிவிட்டது. அதிகாரியின் மனைவி விளிம்புவரை போய்ப் படம் எடுத்தா.

"எவ்வளவு அமைதி! ஒரு சனம் இல்லை, என்ன?" என்றா.

சனம் ஏன் இல்லை என்று ஒரு கேள்வி வரவேண்டாமா மனுசருக்கு? விருந்தாளி என்று பொறுத்துக்கொண்டு வானுக்குத் திரும்பினேன்.

அங்கிருந்து கரையோடு தெற்கே போனோம். ஒரு ஊரில் கூரையில்லாத பழைய கல்வீடு ஒன்று கடலைப் பார்த்தபடி நின்றது. சுவரெல்லாம் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டை. உடனே அதிகாரியின் மனைவி வானை நிப்பாட்டச் சொன்னா. படம் எடுக்க அவவுக்கு எல்லாம் பிடித்திருந்தது, பக்கத்தில் இருந்த தகரக் கொட்டிலையும் நீலத் தண்ணீர்த் தாங்கியையும் தவிர.

"அந்த நீலத்தைக் கொஞ்சம் அங்கால தள்ளினால் நல்லா இருக்கும்."

"ஆக்கள் இருக்கினம், கேட்டுப்போட்டுத் தொடுங்கோ" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அதிகாரியும் சாரதியும் போய்த் தாங்கியைச் சரித்துவிட்டார்கள். அது கல்லிலிருந்து வழுக்கி விழுந்து மூடி கழன்றது. தண்ணீர் முழுக்க மணலுக்குள் போய்விட்டது.

சத்தம் கேட்டுக் கொட்டிலுக்குள் இருந்து ஒரு முஸ்லிம் அக்கா ஓடிவந்தா, அவர்கள் முறையில் ராத்தா. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டு, சொந்த வளவுக்குத் திரும்பி வந்தவ. அந்தக் கல்வீடு அவவுடையது. ஈர மணலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தா.

"தண்ணி கொண்டுவாற பவுசர் இனி அடுத்த கிழமைதான் வரும். எதுக்குத் தள்ளினீங்க?"

"படம் எடுக்கத்தான்" என்று அதிகாரி சிரித்தார். சிரித்தார்! பிறகு வானிலிருந்து நாலைந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

ராத்தா கை நீட்டவில்லை. "இதில நான் சமைக்கிறதா, குளிக்கிறதா? நீங்க படம் பிடிக்கிறது என்ட வீடு. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பி, "இருட்டுறதுக்கு முதல் மற்ற ஊரையும் பார்க்கவேணும், ஏறுங்கோ" என்றார்.

நாங்களும் ஓடித் திரிந்தவர்கள்தான். வாளியோடு தண்ணிக்கு வரிசையில் நின்ற எனக்குத் தெரியாதா? வான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இவவின்ர தாங்கி நிரம்பாமல் நான் ஏறமாட்டன் சேர். என்னை விட்டுட்டுப் போறதெண்டால் போங்கோ. நாளைக்குக் கந்தோரில எல்லாருக்கும் சொல்லுவன்."

"உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? உங்கட வீடா இது?" என்றார் அதிகாரி.

"இல்லை. அதுக்காகப் பார்த்துக்கொண்டு நிக்கவோ?"

கடைசியில் சாரதிதான் வெட்கப்பட்டான். ராத்தாவிடம் கலன்களை வாங்கி வானில் ஏற்றினான். தூரத்திலிருந்த பள்ளிவாசல் கிணற்றடிக்கும் கொட்டிலுக்குமாக வான் பலமுறை ஓடியது. அதிகாரியும் இறங்கித் தூக்கவேண்டி வந்தது, சப்பாத்தெல்லாம் சேறு. அவர் மனைவி வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தா. தாங்கி நிரம்பும்போது இருட்டிவிட்டது. மற்ற ஊர் ஒன்றும் பார்க்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

போகும்போது ராத்தா என் கையைப் பிடித்து, "நீ பேசினது எனக்குப் பெரிய உதவி புள்ள" என்றா. எனக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது. தன் வளவில் தன் தண்ணீருக்கு அவ ஏன் ஒருத்திக்கு நன்றி சொல்லவேண்டும்?

விருந்தாளிகளோடு மரியாதையாக நடக்கத் தெரியாதவள் என்று கந்தோரில் பேர் வந்தது. பிறகு இடம் காட்ட என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன்.