செல்வம் மறித்த ஊர்வலம்

கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. ஒருவன் சாலையின் குறுக்கே நின்றால் இங்கே யாரும் விலகிப் போவதில்லை. "எந்தா பிரச்னம்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், என் தங்கை வள்ளியின் கல்யாணத்தன்று அதன் முழு வேகத்தைப் பார்த்தேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பெண்ணின் மாமன் மகன் மறிப்பான். பெண்மேல் முதல் உரிமை அவனுக்கு. மாப்பிள்ளை வீட்டார் புது வேட்டி கொடுத்ததும், கரை சரியில்லை என்று கொஞ்சம் முறுக்கிவிட்டு விலகுவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

இங்கே மறித்தவன் எங்கள் மாமன் மகன் செல்வம். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவன். பந்தலுக்குச் சற்று முன்னால் கைகளை விரித்து நின்று, "என் முறைப்பொண்ணு. எவன் கட்டுதான்னு பாக்கேன்" என்றான். தேவைக்கு அதிகமாகவே நடித்தான். எதிர்க்கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்த அவன் கூட்டாளிகள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். முறைப்பெண் மலையாளத்திலும் உண்டு. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்களில் மூத்தவரான குஞ்ஞப்பன் சேட்டன் தலைத்துண்டை உதறிச் சாலையில் விரித்து உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நாதஸ்வரம் நின்றது.

"சேட்டா, இது வெறும் சடங்கு" என்றான் செல்வம், கையில் வாங்கிய வேட்டியோடு.

"பேடிக்கண்டா மோனே. ஞங்ஙள் உண்டு." பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம் என்று தைரியம் சொல்லிவிட்டு, சேட்டன் வேட்டியைப் பார்த்தார். "ஒரு முண்டு தந்நிட்டு பெண்ணெ கொண்டுபோவுகயோ?"

செல்வம் மறுக்க மறுக்க, அவனை யாரோ மிரட்டியிருப்பதாக அவர்கள் உறுதியாக நம்பினார்கள். முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்து, "உள்ளூர்லயே ஒரு மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்களை எதுக்குய்யா வரச் சொன்னீங்க? ஏய், வண்டியத் திருப்பச் சொல்லு" என்றார்.

"பெண்ணு பறயட்டே" என்றார் சேட்டன்.

பெண்ணே சொல்லட்டும் என்பது, பெண் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. வள்ளி பந்தல் வாசலுக்கு வந்தாள். இங்கே பள்ளிக்கூடம் போனவள். கோபம் வந்தால் மலையாளம்தான் வரும்.

"செல்வம் மச்சான் வெறுதே அபிநயிக்குகயா, சேட்டா. எனிக்கு ஈ ஆளெ மதி."

மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். "என்ன சொல்லுது?"

"உங்களைத்தான் கட்டிக்குவாளாம்."

அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். சேட்டன் எழுந்து, துண்டை உதறித் தலையில் கட்டி, "எந்நால் நடக்கட்டே" என்று மேளக்காரருக்கு உத்தரவு கொடுத்தார்.

இதை ஊரில் சொன்னால், "நடுத்தெருவிலயா பொண்ணுகிட்ட கேட்டீங்க?" என்று முகம் சுளிக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் சொன்னால், பாவம் செல்வம் என்கிறார்கள். அன்று ஊர்வலம் நகர்ந்தபோது முன்னால் மூட்டைக்காரர்கள், பின்னால் கோவில்பட்டிக்காரர்கள். இடையில் செல்வம், ஒரு தோளில் மாப்பிள்ளை வீட்டு வேட்டி, மறு தோளில் சேட்டனின் கை, எந்தக் கூட்டத்தோடு நடப்பது என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தான்.